எந்த ஆங்கிலேயரைப் போல?



எனக்கு முன் பேசிய நண்பர், "நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஆங்கிலேயரைப் போலவே உச்சரிக்க வேண்டும்" என்றார். அவரிடம் எனக்கு ஒரே கேள்வி. எந்த ஆங்கிலேயரைப் போல?

குளியல் என்பதை லண்டனில் 'பாத்' என்று நீட்டுவார்கள். வடக்கே லீட்ஸ் நகருக்குப் போனால் அதுவே 'பத்' என்று குறுகிவிடும். இருவரும் ஆங்கிலேயர்தாம். ஆனால், ஒருவரை ஒருவர் கேலி செய்வது இன்றும் நிற்கவில்லை.

1941-இல் யார்க்‌ஷியர்காரரான வில்ஃபிரெட் பிக்கிள்ஸ் பிபிசி வானொலியில் செய்தி வாசித்தார். தம் ஊர்ப் பேச்சிலேயே 'குட் நீட்' என்று விடைபெற்றார். உடனே எதிர்ப்பு கிளம்பியது. செய்தி தவறு என்று யாரும் சொல்லவில்லை. குரல்தான் குற்றமாகிவிட்டது!

அமெரிக்காவுக்கு வாருங்கள். 1962-இல் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் மூன்று பெரிய கடைகளுக்குச் சென்றார். நான்காம் தளத்தில் உள்ள பொருளை எங்கே என்று கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வந்தது. விலையுயர்ந்த கடையில் அந்த 'ர்' அதிகம் ஒலித்தது. மலிவான கடையில் குறைந்தது. லண்டனிலோ 'ர்' ஒலியை விழுங்குவதுதான் கௌரவம். ஒரே ஒலி, ஓர் ஊரில் உயர்வு, மற்றோர் ஊரில் தாழ்வு. அப்படியானால் உயர்வு ஒலியில் இல்லை. பேசுபவரின் பணப்பையில் இருக்கிறது.

"அதற்காக எப்படி வேண்டுமானாலும் பேசலாமா?" என்று நண்பர் கேட்பார். கூடாது. பல மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் உரையாடும்போது எங்கே புரியாமல் போகிறது என்பதை ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் நூலாக எழுதினார். 'த்ரீ' என்பது 'ட்ரீ' ஆனால் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. குறில் நெடில் மாறினால் கெடுகிறது. 'ஷிப்' கப்பல், 'ஷீப்' ஆடு. 'படம்' வேறு, 'பாடம்' வேறு என்று அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது கடினமா?

ஆனால், நம் பெற்றோர் சிலர் என்ன செய்கிறார்கள்? உச்சரிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சி, வீட்டில் தமிழையே நிறுத்திவிடுகிறார்கள். குறில் நெடிலைக் கற்றுத்தரும் மொழியை வெளியே தள்ளிவிட்டு, துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். பாட்டியிடம் பேச முடியாத பேரனுக்கு லண்டன் உச்சரிப்பு இருந்தென்ன லாபம்?

தொடக்கநிலை வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் திருத்துங்கள். சிரிக்காதீர்கள். சிரிப்பைக் கேட்ட பிள்ளை, மறுநாள் கையை உயர்த்துவதில்லை.

தெளிவாகப் பேசுவோம், நம் குரலிலேயே பேசுவோம் என்று கூறி விடைபெறுகிறேன்.