மான் வேட்டைத் தோட்டாவும் கொஞ்சம் எரிபொருள் பாடமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா தூக்கம் வரக்கூடாது" என்று சங்கச் செயலாளர் சொன்னார். அதனால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, பென்சில்வேனியாவில் நான் வீட்டு மேஜையில் உட்கார்ந்து செய்யும் ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன். மான் வேட்டைக்கான துப்பாக்கித் தோட்டாவை நாமே தயாரிப்பது.

முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி இது குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அங்கே கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகையில் பென்சில்வேனியாவில் மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. 1895-இல் வேட்டை வாரியம் அமைத்து, 1906 முதல் வெளி மாநில மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஓநாய் இல்லாத காட்டில் மான் பெருகி, மரக்கன்றுகளை முளைக்க விடாமல் மேய்கிறது. லைசென்ஸ், பருவம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. துப்பாக்கிப் பருவம் 2019 முதல் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. கிடைக்கும் இறைச்சி வீட்டுச் சமையலுக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தோட்டா என்றால் நான்கு பொருள்: பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, முனையில் குண்டு. கூடும் பிரைமரும் பெரிய தலைவலி தருவதில்லை. யோசிக்க வேண்டியது மருந்தும் குண்டும்.

என்னுடையது .30-06. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, இன்னும் சலிக்காமல் ஓடுகிறது. அதில் 150 கிரெயின் குண்டு (7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஆக, 10 கிராமுக்கும் சற்றுக் குறைவு) நொடிக்கு ஏறக்குறைய 880 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அந்த ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,800 ஜூல் பக்கம் வரும். கூட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது 30, 35. இது நம் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நடக்கிற காரியம்!

அதனால் மருந்தை முதலில் சொல்கிறேன். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். அங்கே இருப்பது கார்டைட் ஃபேக்டரி. கார்டைட் 1889-இல் வந்த புகையில்லா மருந்து, நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் கலந்தது. இன்றைய ரைஃபிள் மருந்தும் அதே குடும்பம்தான். இது 'வெடிப்பது' இல்லை, வேகமாக எரிவது. எவ்வளவு வேகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேங்காய் நாரும் எரிகிறது, புளியங்கட்டையும் எரிகிறது, இரண்டும் ஒன்றா? மருந்தைச் சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகளாக வெட்டுவார்கள். வெளிப்பரப்பு எரிந்து சுருங்கச் சுருங்க, உள்துளை பெரிதாகும். மொத்தப் பரப்பு அதிகம் குறையாது. மேலே எரிதலைத் தணிக்கும் பூச்சு வேறு. எரிதல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த சமன்பாடு அப்படியே கண்முன் நிற்கிறது, பாருங்கள்.

குண்டு கனமாக இருந்தால் மெதுவாக நகரும், பின்னால் இடமும் மெதுவாகத்தான் பெருகும். அப்போது மெதுவாக எரியும் மருந்து வேண்டும். 150 கிரெயினுக்கு 4064, 4895 போன்ற நடுத்தர மருந்து; 180 என்றால் 4350 பக்கம் போவது வழக்கம். கூட்டை ஏறக்குறைய நிரப்பும் மருந்தே என் தேர்வு. ஞாபகப் பிசகாக இரண்டு தடவை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். கைத்துப்பாக்கி மருந்தும் ரைஃபிள் மருந்தும் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். மாறிப் போட்டால் துப்பாக்கியே சிதறும். ஆகவே மேஜையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும். அளவை மருந்துக் கம்பெனி வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுப்பது, அதுவும் கீழ் அளவிலிருந்து தொடங்குவது. நண்பர் சொன்ன அளவு, எங்கோ கேட்ட அளவு, எதுவும் வேண்டாம்.

இன்னொன்று வெப்பநிலை. செப்டம்பரில் 25 டிகிரியில் குறி சரிபார்த்துவிட்டு, டிசம்பரில் மைனஸ் 10-இல் சுடுகிறோம். சில மருந்துகள் குளிரில் வேகம் குறையும். இதற்கு அதிகம் அசையாத மருந்துகளும் உண்டு. விலை கொஞ்சம் கூட, ஆனால் வாங்கலாம்.

இனி குண்டு. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. குண்டு அங்கே புகுந்து காளான் போல விரிய வேண்டும். ரொம்ப மென்மையாக இருந்தால் தோள் எலும்பில் உடைந்துபோகும். மான் காயத்தோடு ஓடி எங்கோ புதரில் இரண்டு நாள் துடிக்கும். ரொம்பக் கெட்டியானால் விரியாமலே ஊடுருவிப் போய்விடும், பலன் அதே. ஜான் நோஸ்லர் என்பவர் 1940-களில் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது குண்டு உள்ளே போகவில்லை. அதிலிருந்துதான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த 'பார்ட்டிஷன்' குண்டு பிறந்தது. 70 கிலோ வெள்ளைவால் மானுக்கு அது தேவைக்கு மேல். சாதாரணச் செம்பு உறை, ஈய உள்ளீடு கொண்ட குண்டே வேலையை முடிக்கும்.

ஆனால் நான் அதையும் வாங்குவதில்லை, காரணம் ஈயம். குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாக இறைச்சியில் பரவுகிறது. 2008-இல் வடக்கு டகோட்டாவில், தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்கு இருப்பது தெரிந்து, அதைத் தூக்கி எறியச் சொன்னார்கள். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. குழந்தைகள் சாப்பிடும் தட்டு இது. "எங்க தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுறோம், ஒண்ணும் ஆகலையே" என்று ரேஞ்சில் பலர் சொல்வார்கள். நான் வாக்குவாதம் செய்வதில்லை, முழுச் செம்புக் குண்டுக்குக் கூடுதல் காசு கொடுத்துவிடுகிறேன்.

செம்பின் அடர்த்தி 8.96, ஈயம் 11.34. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது. நீளமானால் கூட்டுக்குள் இடம் பிடிக்கும், குழலின் மரைவரியில் உரசலும் கூடும், அழுத்தம் ஏறும். ஆகவே ஈயக் குண்டுக்கான அளவை இதற்குப் போடவே கூடாது. இதற்கென்று வெளியான அளவு வேண்டும். செம்பு விரிய வேகமும் தேவை. அதனால் எடையில் ஒரு படி இறங்கி 150-ஐயோ அதற்கும் குறைவானதையோ எடுப்பது நல்லது. காட்டுக்குள் 100 கஜத்துக்கு மேல் குறி கிடைப்பதே அபூர்வம். ஊசிமுனைக் குண்டு, காற்றுத்தடைக் குணகம் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் அங்கே வீண் செலவு.

குளிர் இறங்கிய பிறகு ஒரு காலையில் ரேஞ்சுக்குப் போய், தோட்டாவை வெளியிலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்து, மூன்று சுட்டுப் பார்ப்பேன். செப்டம்பர் துளைகளிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் விழுந்தால் போதும். மீதியைப் பெட்டியில் அடுக்கி, குண்டு, மருந்து, அளவு, தேதி நான்கையும் எழுதி ஒட்டுவேன். பெட்டியில் சீட்டு இல்லாத தோட்டாவைச் சுடுவதில்லை, பிரித்துவிடுவேன்.