முதன்முதலாக ஒலிக்கும் இசைக்கு ஒரு மேடை



வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா 1950களில் இந்த யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தார். அவருடைய துணைவியார் சீதாலட்சுமி பாடுவார், வீணையும் வாசிப்பார். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்ற மூன்று ஆண்பிள்ளைகளும் தகப்பனாரிடமே வயலின் பழகினார்கள். அந்நாளில் வயலின் பெரும்பாலும் பாட்டுக்குப் பக்கவாத்தியம். பாடகர் போகும் வழியே போவதுதான் அதன் கடமை. அந்த வாத்தியம் தனியாகவே ஒரு கச்சேரியைத் தாங்கும், உலகின் எந்த அரங்கிலும் தாங்கும் என்று லக்ஷ்மிநாராயணா உறுதியாக நம்பினார். 1958ஆம் ஆண்டில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரம் அந்தக் குடும்பத்தை இங்கிருந்து பெயர்த்துச் சென்னைக்கு அனுப்பியது. நம்பிக்கையை அவர்கள் கையோடு கொண்டுபோனார்கள்.

மூத்தவர் எல். வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்தார். எல். சுப்பிரமணியம் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற பிறகும் வயலினையே வாழ்வாகக் கொண்டார். வேத மந்திரங்களை அடிப்படையாக வைத்து அவர் எழுதிய படைப்பை 1985இல் சுபின் மேத்தாவின் நெறியாள்கையில் நியூயோர்க் பில்ஹார்மொனிக் இசைக்குழு வாசித்தது. இளையவர் எல். சங்கர் 1970களின் நடுவில் ஜோன் மக்லோலின், சாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் சேர்ந்து, அதுவரை எவரும் கேளாத இசையை வாசித்தார்.

சங்கர் அதோடு நிற்கவில்லை. தம் மனத்தில் கேட்ட இசைக்கு இருந்த வாத்தியம் போதாதபோது புதிய வாத்தியம் ஒன்றையே வடிவமைத்தார். இரண்டு கழுத்து, பத்துத் தந்தி. வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ் ஆகிய நான்கின் குரல் எல்லையும் அந்த ஒன்றுக்குள் அடங்கியது. 1980இல் அதைக் கொண்டு அவர் ஒலிப்பதிவு செய்தது என்ன தெரியுமா? மரபான ராகம், தானம், பல்லவி! மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபேலா சாகிர் ஹுசைன். அருகில் இருந்து தாளம் போட்டவர் தகப்பனார் லக்ஷ்மிநாராயணா. புதுமை வந்தால் மரபு கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு அந்த ஒலிப்பதிவே என் பதில். வயலினும் ஐரோப்பாவில் இருந்து நம்மிடம் வந்ததுதான். பாலுசாமி தீட்சிதர் அதை எடுத்துப் பழகியபோது அதுவும் புதுமையாகத்தான் இருந்தது.

அன்பர்களே, புதிய உருப்படி தானாக நிலைப்பதில்லை. முதலில் வாசிக்க ஒருவர் துணிய வேண்டும். இங்கிலாந்தில் வில்லியம் வோல்ற்றன் வியோலாவுக்கு ஒரு கொன்சேர்ட்டோ எழுதினார். அந்நாளின் பெரிய வியோலாக் கலைஞர் லயனல் ரேட்டிஸ் அதைப் பார்த்து, மிகவும் நவீனமாக இருக்கிறதென்று மறுத்துவிட்டார். 1929இல் அதை லண்டன் மேடையில் முதன்முதலாக வாசித்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பவுல் ஹிண்டமித். பிறகு ரேட்டிஸ் தம் மறுப்புக்காக வருந்தி, அதே படைப்பைத் தாமும் வாசித்தார். இன்று அது வியோலாக் கலைஞர்களின் தலையாய உருப்படிகளில் ஒன்று. நம் பக்கத்திலும் பாலமுரளிகிருஷ்ணா வியோலாவைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். நான்கே சுரங்களில் மகதி, லவங்கி என்று ராகங்களைப் படைத்து, அவற்றைத் தாமே பாடி நிலைநிறுத்தினார்.

வாசிக்கத் துணிபவர் ஒருவர் போதுமா? கேட்க ஒரு சபை வேண்டும். யாழ்ப்பாணத்துக்குக் கேட்கத் தெரியாதா? கோயில் வீதியில் விடிய விடிய இருந்து தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்ட ஊர் இது! 1931 முதல் வட இலங்கைச் சங்கீத சபை நம் பிள்ளைகளைப் பரீட்சைக்கு இருத்தி வளர்த்து வருகிறது. இங்கே மருதனார்மடத்தில் பாடகர் மகாராஜபுரம் சந்தானம் இருந்து கற்பித்தார். காது நமக்கு உண்டு. அந்தக் காதை நம் காலத்து இசைக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எனவே இந்த மேடையில் நின்று மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று, நம் இசைவிழா ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆண்டில் இயற்றப்பட்ட ஓர் உருப்படியாவது ஒலிக்கட்டும். இயற்றியவருக்கு உரிய சன்மானமும் கொடுப்போம். அதே உருப்படியை மறுவருடமும் வாசிப்போம், ஏனென்றால் ஒரே தடவை கேட்டு எந்தப் புது இசையையும் அளந்துவிட முடியாது. இரண்டு, ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்கு இன்று நம்மோடு வாழும் இசைவாணர் ஒருவரின் ஆக்கத்தையேனும் சொல்லிக் கொடுக்கட்டும். மூன்று, ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் வயலினும் வியோலாவும் செலோவும் பயிலும் நம் பிள்ளைகளை விடுமுறைக்கு அழைத்து, இங்குள்ள மிருதங்க, தவில் மாணவர்களோடு ஒன்றாக இருத்தி வாசிக்க வைப்போம்.

லக்ஷ்மிநாராயணாவின் பிள்ளைகளுக்கு ஊரை விட்டுப் போனபின்தான் தங்கள் புதிய இசையை வாசிக்க மேடை கிடைத்தது. இனி ஒரு பிள்ளை புதிதாக ஒன்றை இயற்றினால், அதன் முதல் அரங்கேற்றம் யாழ்ப்பாணத்திலேயே நடக்க வேண்டும். அதற்கான முதல் உருப்படியை அடுத்த விழாவுக்கே கேட்டு எழுதுவிப்போம் என்று இந்தச் சபை இன்றே தீர்மானிக்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.