பழைய லேப்டாப்புக்கு ஒரு மீட்டர்



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் ஒவ்வொன்றாகப் பரணுக்கும் பழைய சாமான் கடைக்கும் போகின்றன. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையும் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

இந்த மாதிரி லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் மறுபடி ஓடும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் அவ்வளவு லேசானது. ஆனால் கொஞ்ச நாளில், "மெதுவாப் போகுதுங்க" என்ற புகார் வரும். கோவை உக்கடத்திலோ காந்திபுரத்திலோ கடையில் கொடுத்தால், "ரேம் போட்டுக்கங்க" என்பார்கள். போட்ட பிறகும் அதே நடைதான் என்றால், கோளாறு ரேமில் இல்லை என்று அர்த்தம். பணம் போனது போனதுதான்.

நம் கொங்கு நாட்டில் கிணற்று மோட்டாரை யாராவது இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்களா? மோட்டார் ரூமில் வோல்ட் மீட்டரும் ஆம்ப்ஸ் மீட்டரும் இருக்கும். வோல்ட் இறங்கி ஆம்ப்ஸ் ஏறினால், காயில் புகைவதற்குள் மோட்டாரை நிறுத்திவிடுவார் தோட்டக்காரர். லேப்டாப்புக்கும் அந்த மீட்டரை மாட்டிக்கொள்ளலாம், காசில்லாமல்.

திரையின் ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை இருக்கிறதே, அதன்மேல் வலது கிளிக் செய்து புதிய உருப்படி சேர்க்கும் இடத்துக்குப் போங்கள். சிஸ்டம் லோடு மானிட்டர், சிபியு கிராஃப், சென்சார் என்று சின்னச் சின்ன ஆப்லெட்டுகள் இருக்கும். பட்டியலில் இல்லையென்றால் 'எக்ஸ்எஃப்சிஇ4 குட்டீஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் வந்துவிடும். இவை தாமாக எதையும் அளப்பதில்லை. லினக்ஸின் கருவான கெர்னல், 'ப்ராக்' போன்ற அடைவுகளில் தன் நிலவரத்தை எப்போது கேட்டாலும் சொல்லும். ஆப்லெட் அதைப் படித்துக் கோடாக வரைகிறது, அவ்வளவுதான்.

முதலில் ரேம். காலியாக எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பயப்படாதீர்கள். சும்மா கிடக்கும் ரேமை, டிஸ்க்கில் படித்ததை வைத்துக்கொள்ள லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். வேறு வேலைக்கு வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது, ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பின் கோடு. பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறக்கும்போது அது ஏறிக்கொண்டே போய், டிஸ்க் விளக்கும் அணையாமல் எரிந்தால் ரேம் பற்றவில்லை. அப்போது கடைக்குப் போகலாம்.

பலரும் ஏமாறுவது அடுத்ததில். லேப்டாப் அசையவில்லை, ஆனால் சிபியு கோடு தரையில் கிடக்கிறது. அப்போது லோடு ஆவரேஜ் என்ற கணக்கைப் பாருங்கள். கடைசி 1, 5, 15 நிமிடங்களுக்கு மூன்று எண்கள். சிபியுவுக்காகக் காத்திருக்கும் வேலைகளோடு, டிஸ்க்குக்காகக் காத்திருப்பவற்றையும் லினக்ஸ் இதில் சேர்த்துக்கொள்ளும். இரண்டு கோர் உள்ள லேப்டாப்பில் லோடு ஐந்தாறு இருந்து, சிபியு சும்மா இருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கின் வாசலில்தான் பெரும்பாலும் கூட்டம். ரேம் எவ்வளவு போட்டாலும் அது தீராது. எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று சூடு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்துக் கணக்கெழுதும் லேப்டாப்பில், பஞ்சுத் தூசி விசிறியில் படிந்து காற்றுப் போகும் வழியையே அடைத்துவிடும். சென்சார் ஆப்லெட் 90 டிகிரியைத் தாண்டிக் காட்டும். சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் வைரஸ் என்று நினைப்போம்! விசிறியைத் துடைத்து, புதிதாகத் தெர்மல் பேஸ்ட் வைத்தால் தீரும், செலவும் கொஞ்சம்தான்.

மீட்டர்களையும் அளவோடு வையுங்கள். நொடிக்கு நான்கு முறை படிக்கச் சொன்னால் ஆப்லெட்டே வேலை வாங்கும். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை போதும். சில இளைஞர்கள் காங்கி என்ற நிரலைப் போட்டுத் திரை முழுக்க வட்டமும் கோடுமாக ஜோடித்து வைக்கிறார்கள். பார்க்க அழகுதான், பழைய லேப்டாப்புக்கு அது வீண் சுமை.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றிக் கையோடு கொண்டு போங்கள். நிறுவாமலே அதிலிருந்து ஓட்டலாம். கடையிலேயே ஆப்லெட்டைச் சேர்த்து, கால் மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையேல் அடுத்த கடைக்குப் போங்கள்.