ஒரு மருந்து போதாதபோது



ஆண்டு விழா மேடையில் குடலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். நம் இல்லங்களில் வயிற்றுக் கோளாறு என்றால் ஓமத் தண்ணீரோடும் நீர்மோரோடும் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளை மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போனாலும், "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். அத்தகைய மெலிவுக்குப் பின்னால் சில வேளைகளில் மறைந்து நிற்பது கிரோன் நோய்.

1932 ஆம் ஆண்டில் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவர் இந்நோயை விவரித்து எழுதினர். ஆங்கில அகர வரிசையில் முன்னின்றமையால் கிரோனின் பெயர் நிலைத்தது. நம் நெடுங்கணக்கின்படி அடுக்கியிருந்தால் ஓப்பன்ஹைமர் நோய் என்றே ஆகியிருக்கும்!

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கிப் புண்ணாக்குவது இதன் இயல்பு. குடல் சுருங்கும், சுவர் துளைபட்டுப் பவுத்திரமாகும். ஒரு பகுதியை அறுத்து நீக்கினாலும் பிறிதோரிடத்தில் மீண்டும் தலைகாட்டும்.

1998 இல் இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் மருந்து இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அழற்சியை மூட்டும் டி.என்.எஃப். என்ற ஒரே புரதத்தைக் குறிவைத்துப் பிடிப்பது அது. 2014 இல் வந்த வெடோலிசுமாப், வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையும் வாயிலை அடைக்கிறது. 2016 இல் உஸ்டெகினுமாப்பும், 2023 இல் உபாடாசிட்டினிப் என்னும் மாத்திரையும் இவ்வரிசையில் சேர்ந்தன. ஆயினும் நோய் செல்லும் பாதைகள் பல. ஒவ்வொரு மருந்தும் அடைப்பது அவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோதான். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பயனற்றுப்போன நோயாளிக்கு, இரண்டை ஒருங்கே கொடுத்தால் என்ன?

காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பதை நாம் அறிவோம். அதுபோலத்தானே இதுவும் என்று தோன்றும். அன்று. அங்கே மருந்துகள் கொல்வது கிருமியை. இங்கே அவை கட்டிப்போடுவது நம் சொந்தக் காவலனை. இரு கைகளையும் கட்டிவிட்டால் திருடனை யார் பிடிப்பது? மூட்டுவாத நோயாளிகளுக்கு எட்டனர்செப்ட், அனகின்ரா என்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2004 இல் வெளிவந்தது. நன்மை கூடவில்லை, கடுமையான தொற்றுகளே கூடின.

ஆதலின் மருத்துவர்கள் இணையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலளவில் நின்று செயற்படுவதால், உடல் முழுதும் செயற்படும் வேறொன்றோடு அதைச் சேர்ப்பது ஓரளவு பாதுகாப்பு எனக் கருதப்படுகிறது. 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 55 பேருக்கு வெடோலிசுமாப், அடாலிமுமாப், மெதோட்ரெக்சேட் மூன்றும் தரப்பட்டன. 26 ஆவது வாரம் குடலுள் நோக்கியபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புண் அடங்கியிருந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணி இல்லை. அவர்கள் அண்மையில் நோய் கண்டவர்களேயன்றி, எல்லா மருந்தும் தோற்றுப்போனவர்கள் அல்லர். அத்தகையோரைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் மருத்துவமனைகளின் அனுபவக் குறிப்புகளே.

செலவும் உண்டு. அடாலிமுமாப்புக்கு நிகரான மருந்து 2014 முதல் நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது, விலை இறங்கியிருக்கிறது. எனினும் இரண்டு என்றால் இரண்டு விலைதான்.

இந்தியாவில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. குடற் காசமும் கிரோன் நோயும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தையே இரண்டும் விரும்பும். கிரோன் என்று எண்ணிக் காசத்துக்கு இம்மருந்தைக் கொடுத்தால் தீமை பெரிது. டி.என்.எஃப். தடுப்பு மருந்து உறங்கும் காசத்தை எழுப்பவும் வல்லது. அதனால்தான் மார்புப் படமும் காசச் சோதனையும் முதலில் கேட்கிறார்கள். ஸ்டீராய்டு உண்டவருக்குச் சோதனை பொய்த்து, இல்லை என்று காட்டுவதும் உண்டு.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில் செய்தி பரவிவிடுமோ என்றஞ்சி, உடனிருந்த பாட்டனாருக்கு வந்த காசத்தை மருத்துவரிடமும் நம்மவர் வாய்விடுவதில்லை. சோதனை காட்டாததை அவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு மருந்தா, இரண்டா என்று அவர் முடிவு செய்வதற்கு முன்னரே சொல்ல வேண்டும்.