விட்டுப்போன 25 ஆண்டுகள்

ஆபிரகாமின் கதையை நம் ஞாயிறு பள்ளி வகுப்புகளில் பெரும்பாலும் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். ஆண்டவர் நட்சத்திரங்களைக் காட்டினார், சந்ததி தருவேன் என்றார், ஈசாக்கு பிறந்தான், அவர் வாக்கு மாறாதவர், எங்கே எல்லாரும் கைதட்டுங்கள், மனப்பாட வசனத்தைச் சொல்லுங்கள்! சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவிலே கிடக்கிற 25 ஆண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் நாம் அந்தக் கதையைச் சொல்கிறோம். அந்த ஆண்டுகளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். வாக்குத்தத்தம் பெற்ற மனிதர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. எனக்குப் பிள்ளை இல்லையே, என் வீட்டு வேலைக்காரன் எலியேசர்தானே எனக்கு வாரிசாகப் போகிறான் என்று ஆண்டவரிடமே முறையிடுகிறார். பத்து வருஷம் போன பிறகு சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவருக்குக் கொடுத்துக் குறுக்கு வழி தேடுகிறாள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது என்று 16ஆம் அதிகாரம் முடிகிறது. 17ஆம் அதிகாரத்தின் முதல் வரியில் அவருக்கு வயது 99. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே 13 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஆண்டவர் பேசியதாக ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. அப்புறம் மம்ரேயில், உனக்கு மகன் பிறப்பான் என்ற சொல்லைக் கூடார வாசலுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கிழவி சாராள் சிரிக்கிறாள். ஏன் சிரித்தாய் என்று கேட்டால், பயத்தில், நான் சிரிக்கவே இல்லை என்று சாதிக்கிறாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு இதைவிட நன்றாகப் புரியக்கூடிய கட்டம் வேதாகமத்தில் எத்தனை இருக்கிறது? சிரித்தாள், மறுத்தாள், மாட்டிக்கொண்டாள். அதற்காகக் கொடுத்த வாக்கு ரத்தாகவில்லை. நம் பாடத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இந்தக் கட்டம்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நீளமாகக் காத்திருப்பைச் சொன்னால் தாங்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்து, 2013இல் அச்சான ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்ல உதவும். மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 28 பிள்ளைகள். தேய்ந்துபோன கிரேயான்களைக் கொடுத்து, கொஞ்சம் பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன் என்றார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேருக்கு, மன்னித்துக்கொள், வேறு எதுவும் இல்லை என்ற பதில்தான் வந்தது. ஸ்டிக்கரிலும் இதே கதை. அதற்கப்புறம் ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். 28 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்துக் கடவுளைப் பற்றி யாரும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். பொறுமை பிள்ளையின் பிறவிக் குணம் மட்டுமல்ல. சொன்னவர் யார், போன தடவை என்ன செய்தார் என்று மூன்று வயசிலேயே பிள்ளை கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கோடுதான் அது நம் வகுப்பில் பாயில் வந்து உட்காருகிறது. அடுத்த ஞாயிறு படம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆசிரியர், ஆண்டவர் வாக்கு மாறாதவர் என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும் எடுபடாது.

இன்னொரு மறுப்பு, இதைவிடக் கனமானது. தாமதத்தையும் சந்தேகத்தையும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளையின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடாதா? நான் திருப்பிக் கேட்கிறேன். கேட்டவுடன் கொடுக்கிறவர் என்று சொல்லி வளர்த்த பிள்ளையின் பாட்டி, எத்தனை ஜெபம் பண்ணியும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை என்றால் அப்போது என்ன ஆகும்? அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டே வழிதான்: ஆண்டவர் பொய் சொன்னார், இல்லாவிட்டால் நான் கெட்ட பிள்ளை. இரண்டையும் நாமே அதன் கையில் கொடுத்திருக்கிறோம். ஆபிரகாம் முறையிட்டார், சாராள் சிரித்தாள் என்று தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: நானும் கேட்கலாம், கோபித்துக்கொள்ளலாம், அதற்காக யாரும் என்னைத் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆகாரை விட்டுவிடலாம், அது குடும்பச் சண்டை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான விவரங்களை விட்டுவிடுங்கள், சரி. ஆனால் துருத்தியில் தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளையைச் செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தூரப்போய் உட்கார்ந்து அழுத தாயைச் சொல்லாமல் விடாதீர்கள். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட அந்த அடிமைப்பெண்ணுக்கும் வாக்குக் கொடுக்கப்பட்டது. அவள் கண்ணுக்குக் கிணறும் தெரிந்தது. வாக்குத்தத்தம் நம் வீட்டாருக்கு மட்டும் சொந்தம் என்று பிள்ளை நினைத்துவிடாமல் தடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் ஆசையாக ஓடி வந்து எடுக்கிறார்கள். அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும். வகுப்புக்கு அந்த நெருக்கடி கிடையாது. ஆபிரகாமை ஒரே ஞாயிற்றில் முடிக்காமல் மூன்று ஞாயிறுகளாக எடுங்கள். முதல் வாரம் ஒரு நீளக் காகிதத்தில் 25 கட்டம் போட்டு, 76 என்று தொடங்கி ஒவ்வொரு பிறந்தநாளாகப் பிள்ளைகளையே எண்ண விடுங்கள். 86க்கு அப்புறம் வரும் கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள், போரடிக்கிறது என்று சொன்னால் சொல்லட்டும். இரண்டாம் வாரம் மம்ரேயும் ஆகாரும். மூன்றாம் வாரம் பலரும் தொடாத 23ஆம் அதிகாரம். தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று கேட்டிருந்தவர், மனைவியை அடக்கம் பண்ண இடமில்லாமல் எப்பெரோன் என்பவரிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலாக் குகையை விலைக்கு வாங்குகிறார். இறக்கும்போது அவருக்கு 175 வயது. வாக்களிக்கப்பட்ட தேசத்தில் அவர் பெயரில் அந்தக் குகையும் நிலமும் இருந்ததாகத்தான் ஆதியாகமம் சொல்கிறது. அப்படியானால் அந்த வாக்கு என்ன ஆயிற்று, மிஸ், என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். மணி அடிக்கப்போகிறது என்று உட்கார வைத்துவிடாதீர்கள்.