எதை விட்டுவிட்டீர்கள்?

இயன்முறை மருத்துவப் பட்டம் பெறும் மாணவர்களே,

இந்த இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சற்று வடக்கே போனால் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய இடம். இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். அங்கே வருகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

பல வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்த ஓர் அம்மா. “படியேறினா மூச்சு வாங்குதாம்மா?” என்று கேட்டால், “அதெல்லாம் இல்லீங்க” என்பார். பொய்யில்லை. “மாடிக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?” என்று கேளுங்கள். “மாடில துணி காயப்போடறதெல்லாம் மருமக பாத்துக்குறா, ரெண்டு வருஷமாச்சே!” என்பார். கடைக்குப் பேரன் போகிறான். கோயிலுக்கு ஆட்டோ. நுரையீரலின் திறன் குறையக் குறைய வாழ்க்கையையும் சுருக்கிக்கொண்டார்; அதனால் மூச்சு வாங்கவே இல்லை.

முப்பது வயதுக்கு மேல், முதல் நொடியில் நாம் ஊதி வெளியேற்றும் காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறைகிறது. புகைப்பவர்களில் பலருக்கு இன்னும் வேகமாக. அவ்வளவு சிறிய இழப்பைப் பழக்கம் அன்றன்றே மூடிவிடும். ஆகவே “என்ன செய்கிறது?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “எதை விட்டுவிட்டீர்கள்?” என்றும் கேளுங்கள். கூட வந்தவரிடமும் கேளுங்கள். வீட்டில் வேலை யார் கைக்கு மாறியது என்பது அவருக்குத் தெரியும்.

உங்கள் காதுக்கும் இதே ஆபத்து உண்டு. நாள் முழுக்க இளைப்புச் சத்தம் கேட்கும் காது, அதையே இயல்பென்று எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் வராந்தா, ஒரு கடிகாரம், நடந்த தூரத்தைக் குறிக்க ஒரு தாள். மறுமுறை சுமார் 30 மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம்.

திறன் கூடுவதும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நீங்கள் தரும் பயிற்சியில் தேறிய பிறகும் பலர் பழையபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கால் தயார், பழக்கம் விடவில்லை. அவர்களிடம் முதல் நாள் தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிறகு மாடிப்படி வரை கூடவே போங்கள். அவர்கள் வேகத்துக்கே ஏறுங்கள்.