பெற்ற வயிறு



தமிழில் வயிற்றைப் பற்றி எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல செய்தி கொண்டு வந்தவனைப் பார்த்து, 'வயிற்றில் பாலை வார்த்தாய்' என்கிறோம். உடன்பிறந்தாரை 'ஒரு வயிற்றுப் பிள்ளைகள்' என்கிறோம். தாயின் துயரத்தைச் சொல்லப் புகுந்தால், 'பெற்ற வயிறு பற்றி எரிகிறது' என்ற தொடர் தானாகவே வந்து நிற்கிறது. உறவையும் துயரையும் மகிழ்ச்சியையும் அந்த ஓரிடத்தில் வைத்துப் பேசப் பழகிய நாம், பிள்ளைப் பேற்றால் அந்த வயிற்றின் தசைக்கும் தோலுக்கும் என்ன நேர்கிறது என்பதை மட்டும் பேசாமலே விட்டுவிட்டோம். அது பெண்கள் தங்களுக்குள் அடுக்களையில் பேசிக்கொள்ளும் செய்தி என்று ஒதுக்கிவிட்டோம். நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வயிற்றிலிருந்து வந்தவர்களே. ஆதலின் அச்செய்தி நமக்கும் உரியதுதான்.

பிள்ளை பெற்ற பின் தளர்ந்துபோன வயிற்றை அறுவை மருத்துவத்தால் சீர்செய்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. மருத்துவர்கள் 'அப்டாமினோபிளாஸ்டி' என்பர். மக்கள் 'டம்மி டக்' என்று சொல்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன்; ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். ஆயினும் என் மூத்த மகள் இவ்வறுவையைச் செய்துகொள்வதா, வேண்டாவா என்று எண்ணிய காலத்திலும், செய்துகொண்டு தேறிய காலத்திலும் உடனிருந்தேன். அவளுடைய இசைவு பெற்றே இதனைச் சொல்கிறேன்.

முதலில் உடற்கூற்றைச் சற்றுப் பார்ப்போம். நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை, வயிற்றின் முன்புறத்தில் வலமும் இடமுமாக இரண்டு தசைப் பட்டைகள் இறங்குகின்றன. அவ்விரண்டையும் நடுவில் இணைப்பது தசை அன்று. வெண்மையான, உறுதியான நார்த்திசு. அதன் நிறம் பற்றியே மருத்துவ நூலார் அதனை வெண்கோடு என்ற பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைக்கிறார்கள். கருவில் குழந்தை வளர வளர இந்த வெண்கோடு அகன்று மெலிகிறது. இரு பட்டைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கருப்பத்தின் இறுதி வாரங்களில் ஏறக்குறைய எல்லாத் தாய்மாரிடமும் இவ்விலகல் உண்டு. இது நோய் அன்று; உள்ளே வளரும் உயிருக்கு உடல் இடங்கொடுக்கும் முறை. குழந்தை பிறந்த பின் முதல் 8 வாரங்களுக்குள் பலருக்கு இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். சிலருக்குச் சுருங்குவதில்லை. மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றே தூக்கும்போது, தொப்புளின் அருகே இரு விரல்களுக்கு மேல் உள்ளே இறங்கினால் விலகல் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

உங்கள் புத்தகப் பையின் நடுத்தையல் நைந்துபோனால் என்ன ஆகும்? துணி இருபுறமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பை சுமையைத் தாங்காது முன்னே பிதுங்கும். வயிற்றின் நிலையும் அதுவே. முன்சுவர் தளர்ந்தால் முதுகு கூடுதலாக உழைக்க நேர்கிறது. நெடுநேரம் நின்றால் இடுப்பு வலிக்கிறது. சிலருக்குத் தொப்புள் வழியே குடலிறக்கமும் உண்டாகிறது. தோலின் கதை வேறு. மிக விரிந்த தோலின் உள்ளடுக்கில் நார்கள் அறுந்து வரிகளாகின்றன. அவ்வாறு அறுந்தவை பழையபடி கூடுவதில்லை. உடற்பயிற்சி தசைக்கு வலுவூட்டும். இடைவெளியை ஓரளவு குறைக்கவும் கூடும். தொங்கும் தோலை எந்தப் பயிற்சியாலும் மடித்து வைக்க முடியாது. 'சோம்பல், ஓடினால் வயிறு உள்ளே போய்விடும்' என்று அறிவுரை கூறுவோர் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்.

நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்கு மெல்லிய பழம்புடைவையால் வயிற்றுக்கட்டு கட்டுவார்கள். இன்றும் சிற்றூர்களில் அவ்வழக்கம் இருக்கிறது. அது அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். தளர்ந்த வயிற்றுக்கு அது தாங்கலாக இருக்கிறது; எழுந்து நடக்கத் துணிவு தருகிறது. ஆனால் பிரிந்ததைத் தைக்கும் ஆற்றல் துணிக்கு இல்லை. மிக இறுக்கினால் அடிவயிற்றின் தளத்தசைகள்மேல் சுமை ஏறவும் கூடும்.

என் மகள் பள்ளி ஆசிரியை. முதலில் ஒரு பெண், பிறகு இரட்டையர். இரட்டையரைச் சுமந்த வயிறு அடங்கவே இல்லை. பிள்ளைகள் மூன்று வயதை எட்டிய பின்னும், பார்ப்போர் கண்ணுக்கு அவள் சூல் கொண்டவளாகவே தோன்றினாள். ஒருநாள் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "அக்கா, உட்காருங்கள், எத்தனையாவது மாதம்?" என்று அன்போடு கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அப்பெண் நாணிப்போவாளே என்று, "ஏழாம் மாதம்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாளாம் என் மகள். அன்றிரவு அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பின் நெடுநேரம் அவள் பேசவில்லை.

அறுவை என்ற சொல் எழுந்ததும் வீடு இரண்டுபட்டது. "பிள்ளை பெற்ற வயிறு பின்னே எப்படியடி இருக்கும்? நாங்களெல்லாம் இப்படியே வாழவில்லையா?" என்றாள் என் மனைவி. "நீ பொறுத்துக்கொண்டாய் அம்மா. உன்னை யாரும் கேட்கவில்லையே" என்றாள் மகள். என் மனைவி அதற்கு மறுமொழி சொல்லவில்லை. மருமகனுக்கு மயக்க மருந்து பற்றிய அச்சம். என்னையும் கேட்டார்கள். ஆசிரியப் பழக்கம் எளிதில் விடாது; கருத்துச் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து வினாக்களை எழுதிக் கொடுத்தேன். இது யாருக்காக? இனிமேல் பிள்ளைப் பேறு வேண்டுமா? முறையான பயிற்சியைச் செய்து பார்த்தாயிற்றா? ஆறு வாரம் குழந்தைகளை யார் தூக்குவது? கடைசி வினாவுக்கு மட்டும் விடையையும் நானே எழுதினேன்.

இது தேவையா, அழகு ஆசையா என்ற வழக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் நடந்தது அன்று. ஆஸ்திரேலிய நாட்டின் பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2016ஆம் ஆண்டில், பிள்ளைப் பேற்றுக்குப் பின் செய்யும் இவ்வறுவையைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது; அழகுக்கானது என்று கருதிற்று. அந்நாட்டு அறுவை மருத்துவர்கள் ஒன்பது இடங்களில் 214 பெண்களை ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் இடுப்பு வலியும், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் தொல்லையும் குறைந்தன என்பது அவர்கள் கண்டது. 2022 ஜூலை முதல் அந்த அறுவை மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அளவுகோல் உண்டு. தசை விலகல் 3 செ.மீ. அளவேனும் இருப்பதைப் படக்கருவி காட்ட வேண்டும். தொல்லை இருக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சி செய்தும் தீராததாக இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் கருவுற்றிருக்கக் கூடாது. ஆறே ஆண்டுகளில் ஓர் அரசே தன் விடையை மாற்றிக்கொண்டது. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் அழகு அறுவையைப் பொதுவாக விலக்கியே வைத்திருக்கின்றன.

என்னைக் கேட்டால், இந்த இரண்டையும் கத்தியால் கீறியது போல் பிரிக்க முடியாது. இடுப்பு வலியும் அவளுடையதே. பேருந்தில் பட்ட கூச்சமும் அவளுடையதே. கண்ணாடி முன் நிற்க விரும்புவதை ஒரு குற்றம்போல் பேசுவது எனக்கு ஒவ்வாது. ஆனால் பிறர் ஏளனத்துக்கு அஞ்சியோ, கணவன் சொன்னான் என்பதற்காகவோ மேசைமேல் ஏறுவது வேறு செய்தி.

அவள் முதலில் கண்ட மருத்துவர் ஒருவர், பத்தே நாளில் பள்ளிக்குப் போகலாம் என்று ஒளிப்படங்களைப் பரப்பிக் காட்டினார். இரண்டாம் மருத்துவர் ஒரு கோலை எடுத்து, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கோடு கிழிப்பதுபோல் காட்டி, "இவ்வளவு நீளத் தழும்பு உங்களுடனேயே இருக்கும், சம்மதமா?" என்று கேட்டார். தழும்பை முதலில் காட்டியவரையே அவள் நம்பினாள். அவர் உடனே நாள் குறிக்கவில்லை. ஆறு மாதம் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி, உடல் எடை ஏறாமல் இறங்காமல் நிலைத்து நிற்றல், குருதிச்சோகை நீக்கம் ஆகியவற்றை முடித்துக்கொண்டு வரச் சொன்னார். புகைப்பவராயின் அதை அடியோடு விட்டிருக்க வேண்டும். ஏனெனில் புகையிலையின் நஞ்சு நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கிவிடும். தூக்கித் தைத்த தோலின் ஓரத்துக்குக் குருதி எட்டாமல் அது கருகிப்போகும். இது எடை குறைக்கும் அறுவை அன்று என்பதையும் அவர் இருமுறை சொன்னார். பின்னர் மீண்டும் கருவுற்றால் தீங்கில்லை என்றாலும், தைத்த தசை மறுபடியும் விலகக்கூடும். ஆகவே பிள்ளைப் பேறு போதும் என்று முடிவு செய்தவர்களுக்கே இதனைப் பரிந்துரைக்கிறார்கள்.

அறுவை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிவயிற்றில், உள்ளாடை மறைக்கும் இடத்தில் குறுக்கே கீறித் தோலையும் கொழுப்பையும் மேல்நோக்கிப் பிரிக்கிறார்கள். விலகிய தசைப் பட்டைகளை நடுவில் இழுத்து நெடுகத் தைக்கிறார்கள். மிகுந்த தோலை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் கீழே இழுத்துப் பொருத்துகிறார்கள். தொப்புள் தன் இடத்திலேயே நிற்க, அதற்குத் தோலில் புதிய துளை செய்யப்படுகிறது. 1899இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்ற மகளிர் மருத்துவர், தொங்கும் வயிற்றின் பெருஞ்சுமையைக் குறுக்காக வெட்டி நீக்கிய செய்தியை வெளியிட்டார். கீறலைக் கீழே மறைக்கும் முறையை 1967இல் பிரேசில் நாட்டு இவோ பிட்டாங்கி விளக்கி எழுதினார். 'பிளாஸ்டிக்' என்ற சொல்லைக் கேட்டு உள்ளே ஏதோ நெகிழிப் பொருளை வைப்பதாக எண்ணிவிடாதீர்கள். உருவாக்குதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் அது.

மயக்கம் தெளிந்த முதல் இரவு கடினமானது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, உடலை மடக்கியே படுக்க வேண்டும்; நேராக நீட்டினால் தையல் இழுக்கும். காயத்தின் இருபுறமும் வடிகுழாய்கள். அவற்றில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பேடு என் பொறுப்பாயிற்று. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு. படுத்தே இருந்தால் காலின் உட்குழாய்களில் குருதி உறையும். அவ்வுறைகட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே இறுதியாகவும் கூடும். கெண்டைக்கால் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

முற்றிய நெற்கதிர்போல் வளைந்து, இரண்டு வாரம் கூடத்தில் நடந்தாள். வயிற்றைச் சுற்றி அகன்ற பட்டை. அதைப் பார்த்த என் மனைவி, "இதற்குத்தானே நான் புடைவை கட்டினேன்" என்று முணுமுணுத்தாள். பட்டையை நாள்தோறும் ஒழுங்காக அணிவித்தவளும் அவளே. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் நாள் காரணமின்றி அழுதாள். வீக்கமும் வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் பலருக்கு இச்சோர்வு வருவதுண்டு என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்ற விதி. பாரம் என்றால் தண்ணீர்க் குடம் மட்டுமா? "அம்மா, தூக்கு" என்று கை நீட்டி நிற்கும் இரண்டு பிள்ளைகளும் பாரமே. அவர்கள் ஏறுவதற்குக் கட்டிலின் அருகே ஒரு முக்காலியைப் போட்டேன். தாமே ஏறி, தாயின் தோளுக்கருகில் அமர்ந்து, வயிற்றில் கால் படாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். மூன்று நாளில் கற்றுக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவரை வரிசையில் நிற்கப் பழக்க எனக்கு ஓர் ஆண்டு ஆகும்!

நான்காம் மாதம் முதல் வகுப்பு முழுவதும் நின்றே பாடம் நடத்துகிறாள். மாலையில் வீக்கம் தோன்றுவதும் காலையில் வடிவதுமாகப் பல மாதம் இருந்தது. முதலில் சிவந்து தடித்திருந்த தழும்பு ஓராண்டுக்குப் பின் வெளிறத் தொடங்கியிருக்கிறது. மறைந்துவிடவில்லை, மறையவும் மறையாது. தொப்புளுக்குக் கீழே கையகல இடத்தில் தொடுவுணர்ச்சி இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. உணர்ச்சியற்ற தோல் சூட்டை அறியாமல் வெந்துவிடும் என்பதால், அவ்விடத்தில் ஒற்றடம் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருக்கிறார். எங்கள் வீட்டு வெந்நீர்ப் பை இப்போது பரண்மேல் இருக்கிறது.